பக்கத்து இருக்கையில் ஒன்பது வயது

‘முதல் தாரத்துப் பிள்ளை’ என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. சொத்துப் பேச்சிலும் சம்பந்தப் பேச்சிலும் குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ பாடலைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது நான் முதலில் இடறி விழுந்தது இந்த வழக்கின்மீதுதான். நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் செல்லும் ஒருவன், தன்னோடு பயணம் செய்யும் துணைக்கு ஒன்பது வயது என்கிறான்; அவன் என்னுடைய முதல் திருமணத்தில் பிறந்தவன் என்று அடுத்த மூச்சில் சொல்லிவிட்டுச் சாலைக்குத் திரும்பிவிடுகிறான். ‘முதல் தாரத்துப் பிள்ளை’ என்று எழுதினால், வீட்டில் இரண்டாம் தாரம் ஒருத்தி அடுப்படியில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. பாடலிலோ அந்த இரண்டாமவளும் போய்விட்டாள். அதைத்தான் இந்த மனிதன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். ‘முதல் திருமணத்தின் குழந்தை’ என்று எழுதினால் அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியதுபோல் இருக்கிறது. மூலத்திலும் அந்தப் படிவத்தன்மை இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். மகனுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. எத்தனையாவது திருமணம் என்பதே அவனுக்கு அடையாளமாகச் சொல்லப்படுகிறது.

இந்தப் பாடலை நான் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதில் பெரும்பகுதிக் காலம் இதை உற்சாகமான பயணப் பாட்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். தாளம் அப்படி. வரிகளைக் கைப்பட எழுதத் தொடங்கிய பின்புதான், இது ஒரு தகப்பன் தன் மகனிடம் விவாகரத்தைப் பற்றிப் பேசாமலேயே ஓட்டிச் செல்லும் நெடுந்தொலைவு என்பது எனக்குப் புரிந்தது.

பின்னணி தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். பால் சைமன் 1969இல் பெக்கி ஹார்ப்பரை மணந்தார். 1972இல் ஹார்ப்பர் என்ற மகன் பிறந்தான். 1975இல் அந்தத் திருமணம் முறிந்தது. பின்னர், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷரோடு பல ஆண்டுகள் கூடியும் பிரிந்தும் வாழ்ந்து, 1983 ஆகஸ்டில் அவரை மணந்தார். அது ஓராண்டுகூட நிலைக்காமல் 1984இல் முடிந்துபோனது. 1983இல் வெளியான ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ தொகுப்பும் விற்பனையில் சறுக்கியது. நாற்பதைத் தாண்டிய வயதில் மணவாழ்க்கையும் தொழிலும் ஒன்றாகச் சரிந்து கிடந்த அந்த வேளையில், தென்னாப்பிரிக்கக் கருப்பினத்தவர் குடியிருப்புகளில் வாசிக்கப்படும் அக்கார்டியன் இசை அடங்கிய ஒரு கேசட் அவர் கைக்கு வந்தது. அதைக் காரில் போட்டுப் போட்டுக் கேட்டு, 1985 பிப்ரவரியில் ஒலிப்பொறியாளர் ராய் ஹாலியை அழைத்துக்கொண்டு ஜோஹானஸ்பர்குக்குப் புறப்பட்டார். நிறவெறி அரசுக்கு எதிரான கலாச்சாரப் புறக்கணிப்பு நடப்பில் இருந்த காலம் அது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு நியூயார்க் சங்க ஊதியத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்தார், பாடல்களில் உரிய இடங்களில் அவர்கள் பெயரையும் சேர்த்தார் என்பவை உண்மை. போராடிக்கொண்டிருந்தவர்களின் இசைவைப் பெறாமல் போனார் என்பதும் உண்மை. ஒன்று மற்றதைக் கழுவிவிடுவதாக நான் கருதவில்லை. இந்தப் பதிவு அந்த வழக்கைப் பற்றியதன்று என்பதால் இத்தோடு நகர்கிறேன்.

இங்கே எனக்குத் தீராத வியப்பைத் தருவது, அமெரிக்கத் தெற்கின் கிராமிய இசையான கன்ட்ரியின் மணம் கமழும் இந்தப் பாட்டின் எலும்புக்கூடு ஜோஹானஸ்பர்கில் செய்யப்பட்டது என்பதுதான். சைமன் அந்தப் பயணத்தில் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார். பாட்டை எழுதிவிட்டு வாத்தியக்காரர்களை அழைப்பதற்குப் பதிலாக, அவர்களை வாசிக்கவிட்டுத் தாளத்தையும் போக்கையும் பதிந்துகொண்டு, சொற்களைப் பிறகு தேடினார். டிரம்ஸில் வூசி குமாலோ இருந்தார். ஃப்ரெட் கட்டைகள் இல்லாத பேஸ் கிதாரைப் பகிதி குமாலோ வாசித்தார். கிதாரில் ரே பிரி. வூசியின் தாளம் தண்டவாளத்தின்மேல் ரயில் ஓடுவதுபோல் விழுந்தது. சைமனின் காதுக்கு அது மெம்ஃபிஸ் நகரின் சன் நிறுவனம் ஐம்பதுகளில் வெளியிட்ட இசைத்தட்டுகளைப்போல, ஜானி கேஷுக்குப் பின்னால் கேட்கும் அந்த ஓட்டத்தைப்போல ஒலித்தது. ரே பிரி வாசித்துக்கொண்டே போகும்போது, அங்குள்ள இசை வகைகளில் அதிகம் புழங்காத ஒரு மைனர் கார்டை இடையில் வைத்தார். அது ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் பாடல்களில் அப்படித்தானே வருகிறது என்ற பொருள்பட விடை சொன்னாராம். ஆப்பிரிக்காவைத் தேடிப் போனவருக்கு அங்கே ஒருவர் அவருடைய வீட்டையே வாசித்துக் காட்டியிருக்கிறார்.

பின்னர் நியூயார்க்கில் அதன்மேல் பெடல் ஸ்டீல் கிதார் சேர்க்கப்பட்டது. கன்ட்ரி இசையின் அழுகுரல் என்றே அந்த வாத்தியத்தைச் சொல்லலாம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது விம்மலை விழுங்குவதுபோல் ஒலிக்கும். இதை வாசித்தவர் நாஷ்வில்காரராக இருப்பார் என்று எவரும் ஊகிப்பார்கள். வாசித்தவர் நைஜீரியரான டெமோலா அடெபோஜு. கிங் சன்னி அடே என்னும் பாடகரின், ஜூஜூ என்ற நைஜீரிய இசை வகையை வாசிக்கும் குழுவைச் சேர்ந்தவர். கன்ட்ரி இசைத்தட்டுகள் நைஜீரியாவில் நன்கு பரவியிருந்தன. அந்த வாத்தியத்தை அடே தம் குழுவிலேயே சேர்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கத் தெற்கிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா போன ஓர் அழுகை, சுற்றிக்கொண்டு ஒரு நியூயார்க்வாசியின் விவாகரத்துப் பாட்டுக்குள் வந்து சேர்ந்தது. உள்ளே நன்கு கேட்டால் அது அடக்கமாகத்தான் அழுகிறது. முன்னால் நின்று துள்ளுவது பகிதியின் பேஸ். கட்டைகள் இல்லாத கழுத்தில் விரல் வழுக்கி வழுக்கி ஓடும்போது, துக்கத்தில் இருப்பவன் சிரித்துப் பேச முயல்வதைப்போல் இருக்கிறது. அந்தத் துள்ளல்தான் என்னைப் போன்றோரை இத்தனை காலம் ஏமாற்றியது.

‘கிரேஸ்லேண்ட்’ என்ற சொல்லே வெறும் இட்டுநிரப்பலாகத்தான் வந்ததாகச் சைமன் சொல்லியிருக்கிறார். மெட்டைப் பாடிப் பார்க்கும்போது வாயில் வந்த சொல். அது மெம்ஃபிஸில் இருக்கும் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மாளிகையின் பெயர். தென்னாப்பிரிக்கத் தாளத்துக்கு அந்த மாளிகையோடு என்ன உறவு, நாளடைவில் உதிர்ந்துவிடும் என்று விட்டுவைத்தார். உதிரவில்லை. சரி, போய்த்தான் பார்ப்போம் என்று லூசியானாவிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு மெம்ஃபிஸுக்குச் சென்றார். மிசிசிப்பி டெல்டா ஒரு நேஷனல் கிதாரைப்போல் மின்னியது என்னும் முதல் வரி அந்தப் பயணத்தில்தான் வந்தது. நேஷனல் கிதார் என்பது உலோக உடலும் உள்ளே அதிர்வுக் கூம்புகளும் கொண்டது. மின்கிதார் பரவுவதற்கு முன்பு, கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. டெல்டாவின் புளூஸ் பாடகர்கள் அதை விரும்பி வாசித்தார்கள். வெயிலில் தகதகக்கும் சமவெளிக்கு அந்த மண்ணின் வாத்தியத்தையே உவமையாக்கிவிட்டு, அடுத்த வரியில் உள்நாட்டுப் போரின் தொட்டில் வழியாகப் போகிறோம் என்கிறார். ஒரு நாடே தன்னைத்தான் பிளந்துகொண்டு சண்டையிட்ட நிலம். கணவன் மனைவி பிரிந்த கதை இன்னும் தொடங்கவில்லை. நிலம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

மாளிகையின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பண்ணை நிலத்துக்கு கிரேஸ் டூஃப் என்ற பெண்மணியின் பெயரால் கிரேஸ்லேண்ட் என்று பெயர் வந்தது. இப்போதிருக்கும் வீடு 1939இல் கட்டப்பட்டது. எல்விஸ் அதை 1957இல் வாங்கினார். ஆனால் ஆங்கிலத்தில் கிரேஸ் என்ற சொல்லுக்கு அருள் என்றே பொருள். தமிழிலும் அருள் என்று மனிதர்களுக்குப் பெயர் வைக்கிறோம் என்பதால் இந்த இரட்டைப் பொருள் நமக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அருளின் ஊரில் எங்களை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது என்று அந்தத் தகப்பன் பாடுகிறான். என்ன காரணம் என்று கடைசிவரை சொல்வதில்லை.

இனி விவாகரத்தைப் பற்றிய பகுதி. அவள் திரும்பி வந்து, தான் போய்விட்டதாக அவனிடம் சொல்கிறாள். இதைவிடச் சுருக்கமாக ஒரு மணமுறிவை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வந்துதான் போனதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் புண்பட்டு, எனக்குத் தெரியாதா என்கிறான்; என் கட்டிலை எனக்குத் தெரியாதா, அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிடும் விதத்தை நான் கவனித்ததில்லையா என்று அடுக்குகிறான். கட்டிலிலிருந்து நெற்றிக்கு வரும் அந்த இறக்கத்தில்தான் கோபம் ஏக்கமாகக் கரைகிறது. அதற்கு அவள், காதலை இழப்பது இதயத்தில் ஒரு சன்னல் திறந்ததுபோல, நீ சிதறிக் கிடப்பதை எல்லோரும் பார்ப்பார்கள் என்கிறாள். இந்த வரிகளில் தாம் இருப்பதை ஃபிஷரே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியும் பேசியும் இருக்கிறார். பாடலின் மிக நல்ல உவமையை, போய்விட்ட மனைவியின் வாயில் வைத்ததைக் கவிஞனின் பெருந்தன்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மணமுறிவுப் பாடல்கள் பலவற்றில் பிரிந்து போனவருக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை.

கன்ட்ரி இசைக்கு விவாகரத்து புதிய பொருள் அன்று. 1968இல் டாமி வினெட் பாடிய புகழ்பெற்ற பாட்டு ஒன்றில், நான்கு வயது மகனுக்குப் புரிந்துவிடக் கூடாதே என்று தாய் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சொல்வாள். வீட்டில் மிட்டாய் இருப்பது குழந்தைக்குத் தெரியாமல் பேசுவதற்கு நாமும் அப்படித்தான் செய்வோம். சைமனின் பாட்டில் வரும் பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். எழுத்துக் கூட்டி மறைப்பதற்கு அந்தக் காரில் எதுவும் மிச்சமில்லை. முதல் விவாகரத்தில் அவன் பட்டதைத்தான் இரண்டாவதில் தகப்பன் படுகிறான். இதில் மூத்த அனுபவசாலி பக்கத்து இருக்கையில் இருப்பவன்தான். துயரத்தில் இருக்கும் பெரியவர் தம் குழந்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறார் என்பதைப் பாடல் எவ்வளவு இயல்பாகச் சொல்கிறது என்றால், அது எத்தகைய பாரம் என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. பையன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பசிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை.

கணக்குப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஹார்ப்பர் பிறந்தது 1972 செப்டம்பரில். பாட்டு உருவான 1985இல் அவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும். பாட்டில் ஒன்பதோடு நின்றுவிட்டான். எதுகைக்கும் சந்தத்துக்கும் ஒன்பது வசதியாக இருந்திருக்கலாம். பாடலாசிரியர்கள் அத்தகைய காரணங்களுக்காக எதையும் செய்வார்கள். ஆயினும் பிரிந்து வாழும் தகப்பன்மாருக்குக் குழந்தையின் வயது எங்கேயோ நின்றுபோவதை நான் அறிந்தவர்களிடமே பார்த்திருக்கிறேன். வார இறுதிகளில் மட்டும் காண்பவர்களுக்குச் சட்டை அளவு எப்போதும் ஒன்றிரண்டு ஆண்டு பின்தங்கியே இருக்கும்.

அந்த மகன் சைமனின் பாடல்களில் முன்பும் வந்திருக்கிறான். 1973 தொகுப்பில் அவனுக்காக எழுதிய ஒரு தாலாட்டு இருக்கிறது. பாடிப் பிழைக்கும் அப்பனால் தன் பிள்ளையைப் பாடித் தூங்கவைக்க முடியவில்லையென்றால் மானம் போய்விடுமே என்று அதில் கெஞ்சுகிறார். பிள்ளை தூங்க மறுக்கிறது. முதல் விவாகரத்துக்குப் பின், 1977இல் வந்த ‘ஸ்லிப் ஸ்லைடிங் அவே’ என்னும் பாட்டில் ஒரு தகப்பன் வருகிறான். தான் செய்ததற்கான காரணங்களை மகனிடம் விளக்கிவிட வேண்டும் என்று நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறான். வந்து பார்த்தால் பையன் தூங்குகிறான். முத்தமிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறான். அன்று தாலாட்டில் தூங்கு என்றபோது தூங்காதவன். பேச வந்தபோது தூங்கிப்போனான். அந்தப் பாட்டில் பின்குரல் கொடுப்பவர்கள் ஓக் ரிட்ஜ் பாய்ஸ், காஸ்பல் என்னும் கிறித்தவ பக்தி இசையிலிருந்து கன்ட்ரிக்கு வந்த நால்வர் குழு. மகனைப் பற்றிப் பாட நேரும்போதெல்லாம் இந்த நியூயார்க்காரர் ஏனோ தெற்கின் குரல்களைத் தேடிப் போகிறார். 1986இல் வந்த ‘கிரேஸ்லேண்ட்’ பாட்டில் பையன் ஒருவழியாக விழித்திருக்கிறான், அருகிலும் இருக்கிறான், மணிக்கணக்கில் நேரமும் இருக்கிறது. இப்போது தகப்பனுக்குப் பேச்சு வரவில்லை.

‘கிரேஸ்லேண்ட்’ என்றே பெயரிட்ட அதே தொகுப்பில், லூசியானாவின் அக்கார்டியன் நடன இசையான ஸைடெக்கோவை வாசிக்கும் குழுவோடு பதிவான ‘தட் வாஸ் யுவர் மதர்’ பாட்டில் மட்டும் ஒரு தகப்பன் வாய் திறக்கிறான். உன் தாயைச் சந்தித்த நாளில் நான் எவ்வளவு ஜாலியாக இருந்தேன் தெரியுமா, நீ பிறந்து அதைக் கெடுத்தாய், இருந்தாலும் உன்மேல் எனக்குப் பாசம்தான் என்கிறான். நல்ல வேளை, அவன் நெடுஞ்சாலையில் வாய் திறக்கவில்லை.

பாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்விஸும் பிரிசில்லாவும் 1973இல் விவாகரத்துப் பெற்றவர்கள். அவர்களுடைய ஒரே மகள் லிசா மேரி 1968 பிப்ரவரியில் பிறந்தவள். 1977 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் அந்த வீட்டில் இறந்தபோது, தந்தையைப் பார்க்க வந்திருந்த மகளும் அங்கேயே இருந்தாள். அவளுக்கு அப்போது வயது ஒன்பது. சைமன் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. எனினும், முறிந்த திருமணத்தின் ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று, முறிந்த திருமணத்தின் ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று தகப்பனை இழந்த வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்த பிறகு, அந்த வரியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

இந்தப் பாட்டில் சைமனோடு இணைந்து பாடுபவர்கள் எவர்லி சகோதரர்கள். சிறுவயதில் சைமனும் அவரோடு இணைந்து பாடிய நண்பர் கார்ஃபங்கலும் பாடக் கற்றுக்கொண்டதே டானும் ஃபில்லும் பாடிய இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான். அந்தச் சகோதரர்களும் 1973இல் மேடையிலேயே பிரிந்து, பத்தாண்டுகள் சேர்ந்து பாடாமல் இருந்து, 1983இல் லண்டனில்தான் மீண்டும் ஒன்றாக நின்றார்கள். அவர்கள் குரல் சேரும் இடங்களில் முறிவையும் ஒட்டையும் அறிந்த ஒரு நெருக்கம் கேட்கிறது. தெரிந்ததனால் கேட்கிறதா, கேட்டதனால் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திறமை போதாது.

என் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புகிறேன். தமிழில் எழுத முயன்றதால் கிடைத்த ஒரே உண்மையான லாபம் இது: ஆங்கிலத்துக்குத் தன்மைப் பன்மை ஒன்றே ஒன்றுதான், நமக்கு இரண்டு. கேட்பவரை விட்டுவிட்டால் நாங்கள், சேர்த்துக்கொண்டால் நாம். ஒவ்வொரு வரியிலும் இந்த மனிதன் யாரைச் சேர்த்துக்கொள்கிறான் என்று நான் முடிவெடுத்தே ஆக வேண்டும். முதல் பல்லவியில் இருவரும் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்கிறான். அங்கே ‘நாங்கள்’ என்று எழுதினேன். தகப்பனும் மகனும் மட்டும், கேட்கும் நாம் வெளியே. இடையில் பயணத் துணைகளாக ஆவிகளும் வெற்றுக் குழிகளும் வந்து ஏறிக்கொள்கின்றன. பையனைப் பற்றிய பேச்சே இல்லை. கடைசியில், ஒவ்வொரு காதலுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கலாம், அல்லது இப்போது கடமை என்று எதுவுமே இல்லாமலும் இருக்கலாம் என்று குடும்ப நீதிமன்றக் கூண்டில் நிற்பவனைப்போல் தடுமாறிவிட்டு, எல்லோரும் ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்கிறான். இருவர் என்பது எல்லோர் என்று மாறிவிடுகிறது. இங்கே ‘நாம்’ என்று எழுதத்தான் கை போயிற்று. எழுதியபின் ஓர் ஐயம் வந்தது. அந்த ‘எல்லோரும்’ என்பதில் போய்விட்ட மனைவியும் அதற்கு முன் போன மனைவியும் அடங்குவார்களா? கார் இருக்கையில் இருக்கும் பையன் காதுபட இதைச் சொல்கிறானென்றால், பையனுக்கு அது அம்மாவும் சேர்ந்த ‘நாம்’ அல்லவா? ‘நாம்’ என்பதை அடித்துவிட்டு ‘நாங்கள் எல்லோரும்’ என்று எழுதினேன், மறுபடியும் அடித்தேன்.

தனிப்பாட்டாக வந்தபோது ‘கிரேஸ்லேண்ட்’ அமெரிக்கப் பட்டியலில் 81ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. 1988இல் அதற்கே ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான கிராமி விருது கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிய அங்கீகாரமாகப் படுவது, 1993இல் வில்லி நெல்சன் இதைத் தம் தொகுப்பில் பாடியதுதான். கன்ட்ரி இசை தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டதுபோல் இருந்தது. நான்கு திருமணங்கள் செய்துகொண்டவர், அறுபதைத் தொடவிருந்த வயதில், சற்றே தாளத்துக்குப் பின்தங்கி வரும் தம் வழக்கமான பேச்சுக் குரலில், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்பது வயது, முதல் திருமணத்தில் பிறந்தவன் என்கிறார். கூட்டிக் கழித்தால் வயது ஒத்துவரவே இல்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் ஒலியைச் சற்றுக் கூட்டிவைக்கிறேன்.